ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும் நாட்டில் நம் பிள்ளை இருந்தால்: நெல்லைக் குடும்பங்களுக்கு ஒரு கையேடு

மாலத்தீவு ரிசார்ட்டில் வேலை, வங்கதேசத்தில் எம்.பி.பி.எஸ். படிப்பு, பாங்காக்கில் ரத்தினக் கல் வியாபாரம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் போய் இருக்கும் நாடுகளில் பல, ராணுவம் அரசியலில் கை வைத்த நாடுகள். மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்கி, தேர்ந்தெடுத்த அரசு ஆட்டம் கண்டு, கடைசியில் ராணுவம் உள்ளே வந்தால், அங்கே இருக்கிற பிள்ளை என்ன செய்ய வேண்டும், இங்கே பாளையங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ இருக்கிற வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு அமைதிகள் ஆளை ஏமாற்றும். "நாங்கள் தலையிட மாட்டோம்" என்று ராணுவம் சொல்லும்போது வருவது ஒன்று. ஆட்சியைப் பிடித்த மறுநாள் தெரு ஓய்ந்து, கடைகள் மெல்லத் திறக்கும்போது வருவது இன்னொன்று. முதலாவதை நம்பினால் பணமும் பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல் மாட்டிக்கொள்வோம். இரண்டாவதை நம்பினால் நிஜமான ஆபத்து வருகிற வாரத்தில் வெளியே சுற்றிக்கொண்டிருப்போம்.

அறிகுறி எப்படி வரும்

டாங்கி ராத்திரியோடு ராத்திரியாக வந்து நிற்பதுபோலத்தான் தோன்றும். நடந்தவற்றைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தால், அதற்கு முன்பே வாரக்கணக்கில் அறிகுறி இருந்திருக்கும்.

தாய்லாந்தைப் பாருங்கள். 2013 நவம்பரில் போராட்டம் சூடு பிடித்தது. 2014 பிப்ரவரி 2 தேர்தலைப் பல இடங்களில் நடத்தவே விடவில்லை. மார்ச் 21 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. மே 7 அன்று அதே நீதிமன்றம் பிரதமர் யிங்லக் ஷினவத்ராவைப் பதவியிலிருந்து இறக்கியது. மே 20 விடியற்காலை 3 மணிக்கு ராணுவச் சட்டம். இது ஆட்சிக் கவிழ்ப்பு இல்லை என்று ராணுவமே சொன்னது. இரண்டே நாள். மே 22 அன்று, சமரசம் பேசக் கூப்பிட்ட அரசியல் தலைவர்களை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, தளபதி பிரயுத் சான்-ஓச்சா ஆட்சியை எடுத்துக்கொண்டார்.

எகிப்தில் அவகாசம் இன்னும் குறைவு. 2013 ஜூன் 30 அன்று அதிபர் முகமது மோர்சிக்கு எதிராகப் பெருங்கூட்டம். ஜூலை 1 அன்று ராணுவம் 48 மணி நேரக் கெடு விதித்தது. ஜூலை 3 இரவு மோர்சி அதிபர் இல்லை; அரசியல் சாசன நீதிமன்றத்தின் தலைவர் அத்லி மன்சூர் இடைக்கால அதிபர்.

நமக்குப் பக்கத்து மாலத்தீவில் 2012 ஜனவரி 16 அன்று குற்றவியல் நீதிமன்றத் தலைமை நீதிபதியை ராணுவம் கைது செய்தது. அதிலிருந்து மூன்று வாரம் ஆர்ப்பாட்டம். பிப்ரவரி 6 இரவு போலீஸில் ஒரு பகுதியே உத்தரவை மீறி எதிர்ப்பக்கம் போய் நின்றது; மறுநாள் அதிபர் முகமது நஷீத் ராஜினாமா செய்தார். மிரட்டித்தான் எழுதி வாங்கினார்கள் என்று அவர் பிறகு சொன்னார். ஆட்சி மாற்றம் சட்டப்படிதான் நடந்தது என்று விசாரணைக் குழு ஆகஸ்டில் சொன்னது. யார் சொல்வது சரி என்பது வேறு விவாதம். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு முக்கியமான தகவல், போலீஸ் இரண்டாகப் பிளந்த ராத்திரிக்கும் ராஜினாமாவுக்கும் இடையில் ஒரு நாள்கூட இல்லை என்பது.

ஆகவே கவனிக்க வேண்டியது இந்த நான்கை. எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கூட்டங்கள் ஒரே ஊரில் நிற்பது. தேர்தலோ நாடாளுமன்றமோ நீதிமன்றமோ முடிச்சை அவிழ்க்க முடியாமல் முட்டி நிற்பது. போலீஸ் உத்தரவுக்குக் கட்டுப்படாமல் போவது. ராணுவத் தளபதி இரு தரப்புக்கும் "அறிவுரை" சொல்ல டிவியில் தோன்றுவது. இரண்டு சேர்ந்தால் ஏற்பாட்டைத் தொடங்குங்கள். தளபதி கெடு விதித்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

டில்லி இதை ஆட்சிக் கவிழ்ப்பு என்று அறிவிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அரசுகள் அந்தச் சொல்லைச் சீக்கிரத்தில் சொல்லாது. ஆட்சியைப் பிடித்தவர்களும் சொல்ல மாட்டார்கள்: தாய்லாந்தில் அமைதிக்கும் ஒழுங்குக்குமான தேசியக் கவுன்சில் என்று பெயர் வைத்தார்கள், மியான்மரில் அரசு நிர்வாகக் கவுன்சில் என்று.

அறிகுறி தெரிந்த வாரத்தில், பிள்ளை செய்ய வேண்டியது

முதலில் பாஸ்போர்ட். கம்பெனியோ ஏஜெண்டோ வாங்கி வைத்திருந்தால் இப்போதே திரும்ப வாங்க வேண்டும். சண்டை போட வேண்டாம். வங்கியில் காட்ட வேண்டும், தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று காரணம் சொல்லிக் கேட்கலாம். ராணுவம் வந்த பிறகு அந்த மேனேஜரே ஊரில் இருப்பாரா என்று தெரியாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம் அல்லது கல்லூரி அடையாள அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இரண்டு செட் ஜெராக்ஸ், நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கைவசம் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்துபோனால், இந்தியா திரும்ப ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் தரும்; பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் நடக்கும்.

அடுத்து பணம். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வங்கிகள் மூடின. பிறகு ஏடிஎம் வாசலில் நீண்ட வரிசைகள். ஊரிலிருந்து அனுப்பினால் போதும் என்று நினைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இங்கே வங்கியில் கட்டிவிடலாம். அங்கே வங்கி திறக்காவிட்டால் காசு கைக்கு வராது. மூன்று வாரச் செலவுக்கு உள்ளூர்ப் பணம், அதில் பாதி சின்ன நோட்டாக இருக்க வேண்டும், கலவர நேரத்தில் கடைக்காரர் சில்லறை தர மாட்டார். அதோடு 200 அல்லது 300 அமெரிக்க டாலர், மடிப்போ கறையோ கிழிசலோ இல்லாத நோட்டாக. மியான்மரில் கசங்கிய டாலரை வாங்க மறுப்பார்கள். பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். அவசரம் என்று உண்டியல் (ஹவாலா) காரரிடம் போக வேண்டாம். சட்டவிரோதம் என்பது ஒருபுறம். சோதனைச் சாவடி போட்ட ஊரில் கணக்கில் வராத கட்டுப் பணத்தோடு பிடிபடுவது பிள்ளைதான்.

சாப்பாடு ஓர் ஆளுக்கு 14 நாள் கணக்கு: அரிசி 6 கிலோ, பருப்பு ஒன்றரை கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், உப்பு, அவல், பிஸ்கட். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்றால் 20 லிட்டர் கேன் மூன்று. கேஸ் தீர்ந்தாலும் நனைத்துச் சாப்பிடலாம் என்பதால் அவலை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா மாத்திரைகள் 30 நாளைக்கு, டாக்டர் சீட்டோடு. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகும் அளவுக்குள்தான் அது வரும்.

தூதரகப் பதிவு ஐந்து நிமிட வேலை, ஆனால் விட்டுப்போவது இதுதான். வங்கதேசம், மாலத்தீவு போன்ற காமன்வெல்த் நாடுகளில் நம் தூதரகத்தின் பெயர் ஹை கமிஷன். தூதரகம் என்று தேடினால் பக்கம் சிக்காமல் போகும். தலைநகரம் தூரம் என்றால் கிளை அலுவலகம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கதேசத்தில் சிட்டகாங், ராஜ்ஷாஹி, குல்னா, சில்ஹெட்டில் இருக்கின்றன. மியான்மரில் மாண்டலேயில், தாய்லாந்தில் சியாங் மாயில் துணைத் தூதரகம். பதிவில் தெருப் பெயர், பக்கத்து அடையாளம், அறை எண் வரை எழுதுங்கள். ஊர் பெயரை மட்டும் எழுதினால் தேடி வருகிறவர்களுக்கு உதவாது.

பெயர் விஷயம்

இது நம் ஆட்களுக்கே உள்ள சிக்கல் என்பதால் தனியாகச் சொல்கிறோம். பள்ளிச் சான்றிதழில் மு. செல்வம் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி முத்துப்பாண்டி என்று தனிக் கட்டத்தில் நிற்கும். கல்லூரிப் பட்டியலில் வேறு மாதிரி. ஊருக்கு அழைத்து வரும் பட்டியலை அதிகாரிகள் சரிபார்க்கும்போது, மனுவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் பொருந்தாவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார், அல்லது பட்டியலில் இருந்தே விழுந்துவிடுவார். முகமது என்று தொடங்கும் பெயர்கள் பட்டியலில் வரிசையாக வரும்போது குழப்பம் இன்னும் அதிகம். எங்கே எழுதினாலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக் கூட்டல் அப்படியே, பக்கத்தில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி. இனிஷியலைச் சுருக்க வேண்டாம்.

அறிவிப்பு வந்த நாள்

வெளியே போகாதீர்கள். விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். 2016 ஜூலை 15 இரவு துருக்கியில் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது படையினர் போய் நின்ற இடங்களில் இஸ்தான்புல் விமான நிலையமும் ஒன்று. டிவி நிலையம், பாலம், விமான நிலையம், நாடாளுமன்றம் இவற்றுக்குத்தான் முதலில் ராணுவம் வரும். யாங்கோன் விமான நிலையமும் 2021இல் முதல் நாளே மூடப்பட்டது.

ஊரடங்கு நேரத்தை உள்ளூர் மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். மியான்மர் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம், வங்கதேசம் அரை மணி நேரம். மாலத்தீவு அரை மணி நேரம் பின்னால். இங்கே இருப்பவர்கள் நம் கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, போய் வாங்கிட்டு வா" என்று சொல்லிவிடக் கூடாது. தாய்லாந்தில் 2014இல் முதலில் இரவு 10 முதல் காலை 5 வரை ஊரடங்கு. நாடு முழுக்க அது நீங்க ஜூன் 13 ஆனது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடத் தடை இருந்தது. ஹாஸ்டல் வாசலில் நாலு பேர் நின்று பேசுவதும் அப்படிப்பட்ட நாளில் வேண்டாத வேலை.

சோதனைச் சாவடியில் செல்போனைப் பார்ப்பார்கள். மியான்மரில் இது வழக்கமாகவே ஆனது. ஆர்ப்பாட்டப் படம், கட்சிப் பாட்டு, ராணுவ வண்டியின் வீடியோ எதுவும் போனில் இருக்கக் கூடாது. அழித்த பிறகு குப்பைத் தொட்டி ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி இருந்தால் அதையே குற்றமாகப் பார்க்கும் இடங்கள் உண்டு. கையைத் தெரியும்படி வைத்து, பாஸ்போர்ட் ஜெராக்ஸை முதலில் நீட்டி, கேட்டால் மட்டும் அசலைக் காட்டி, கேட்டதற்கு மட்டும் பதில்.

இங்கே வீட்டில்

இணையம் போகும். வங்கதேசத்தில் மாணவர் போராட்டத்தின்போது 2024 ஜூலை 18 அன்று போன இணையம், கேபிள் இணைப்பில் ஓரளவு திரும்ப 5 நாள் ஆனது. மொபைல் இணையத்துக்கு ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். மியான்மரில் 2021 பிப்ரவரி நடுவிலிருந்து ராத்திரி 1 மணி முதல் காலை 9 வரை தினமும் துண்டித்தார்கள். ஆகவே போன் வராததைக் கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை அம்மாவுக்கும் ஆச்சிக்கும் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். துண்டித்த பிறகு சொன்னால் சமாதானம் சொல்வதுபோலத்தான் கேட்கும்.

இணையம் இல்லாதபோது எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு. தமிழ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான் இடம். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரியும், ஒரு துண்டு வராவிட்டால் செய்தியே குழம்பும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் 160 வரை ஒரே துண்டு. என்ன எழுதுவது என்று முன்பே பேசி வையுங்கள், அடிப்பது ஆங்கில எழுத்தில்: "எம்மா நல்லா இருக்கேன். ரூம்லதான். சாப்பாடு இருக்கு. நாளை காலை 8 மணிக்கு மெசேஜ்." இதில் நான்கு தகவல் இருக்கிறது: உடம்பு, இடம், கையிருப்பு, அடுத்த நேரம். அடுத்த நேரத்தை எழுதாவிட்டால் வீட்டில் ஒருவரும் தூங்க மாட்டார்கள்.

பிள்ளையோடு பேசுவதற்கு ஒரே ஆளை வையுங்கள், சித்தப்பாவோ அத்தானோ, பதறாமல் குறித்துக்கொள்ளத் தெரிந்தவர். எட்டு பேர் மாறி மாறிக் கூப்பிட்டால் சார்ஜ்தான் தீரும். போனில் "எய்யா, அங்க யாரு பக்கம் நியாயம்?" என்று கேட்க வேண்டாம். லைனை யாராவது கேட்கலாம், பக்கத்து அறையில் யாராவது இருக்கலாம். சொந்தக்காரர்கள் பாசத்தில் பிள்ளையின் படத்தைப் போட்டு, அந்த நாட்டு ராணுவத்தைத் திட்டி முகநூலில் எழுதுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். திட்டுவதில் நியாயம் இருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு வைத்த அரசைத் துப்பாக்கி இறக்குவதை நாமும் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அங்கே இருக்கிறான்.

மனு கொடுக்கும் வழி இது. வெளியுறவுத் துறையின் மதத் (MADAD) இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு அதே விவரத்தை அனுப்புங்கள். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுங்கள். தென்காசி, தூத்துக்குடிக்காரர்கள் அவரவர் ஆட்சியர் அலுவலகத்தில். தமிழில் ஒரு பக்கம், அதே விவரம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம், ஏனென்றால் மனு டில்லி வரை போக வேண்டும். பெயர், பாஸ்போர்ட் எண், தங்குமிடம், வேலை இடம் அல்லது கல்லூரி, கடைசியாகப் பேசிய தேதியும் மணியும், நோய் ஏதும் இருந்தால் அது, இங்கே தொடர்புக்கு இரண்டு எண்கள். கதை எழுத வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். ஒரே ஊரில் படிக்கும் பத்துப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரே பட்டியலாகக் கொடுத்தால் அதிகாரிகளுக்கும் வேலை எளிது.

"ஸ்பெஷல் ஃபிளைட்டில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவரிடம் கட்ட வேண்டாம். அரசு ஏற்பாடு செய்யும் விமானத்துக்கான அறிவிப்பு தூதரகத்தின் பக்கத்தில்தான் வரும்.

இருப்பதா, கிளம்புவதா

இங்கேதான் அந்த இரண்டாவது அமைதி வேலை செய்கிறது. எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் 2013 ஜூலை 3 இரவு தஹ்ரீர் சதுக்கத்தில் வாணவேடிக்கை விட்டார்கள். ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, ராபா அல்-அதவியா சதுக்கத்தில் மோர்சி ஆதரவாளர்களின் முகாமைக் கலைத்தபோது ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கிட்டது. கடுமையான ஊரடங்கு வந்தது அதற்குப் பிறகுதான். மியான்மரில் முதல் சில நாட்கள் மக்கள் இரவில் பாத்திரம் தட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். 2021 மார்ச் 27 அன்று ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் யோசிக்க வேண்டியது, இப்போது அமைதியாக இருக்கிறதா என்பதை அல்ல. இறக்கப்பட்ட அரசின் ஆதரவாளர்கள் இன்னும் தெருவில் கூடுகிறார்களா? கூடினால் மோதல் இனிமேல்தான். அவர்கள் கூடும் இடத்துக்கும் பிள்ளை இருக்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை தூரம்? பெண் பிள்ளை, நோயாளி, கர்ப்பிணி, விசா முடியப்போகிறவர் என்றால் முதல் வாரமே கிளம்பட்டும். பெரிய ரிசார்ட் தீவில் வேலை பார்ப்பவர், தலைநகரிலிருந்து தள்ளி இருந்தால், பொறுத்துப் பார்க்கலாம்.

"மூன்று மாதத்தில் தேர்தல்" என்ற வாக்குறுதியை வைத்துத் திட்டம் போடாதீர்கள். பாகிஸ்தானில் 1977 ஜூலை 5 அன்று ஆட்சியைப் பிடித்த ஜியா உல் ஹக் 90 நாளில் தேர்தல் என்றார். 1988இல் விமான விபத்தில் சாகும்வரை அதிகாரம் அவரிடமே இருந்தது. தாய்லாந்தில் பொதுத் தேர்தல் நடக்க 2019 மார்ச் ஆனது. மியான்மரில் ஓராண்டு என்று சொன்ன அவசரநிலையைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள்.

தரைவழி இருந்தால் அதையும் பாருங்கள். 2024 ஜூலையில் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் வங்கதேசத்திலிருந்து தரை எல்லை வழியாகத்தான் வந்தார்கள். அகௌரா தாண்டினால் அகர்தலா, சில்ஹெட் பக்கம் தமாபில் தாண்டினால் மேகாலயாவின் டௌக்கி, பேனாபோல் தாண்டினால் மேற்கு வங்கத்தின் பெட்ராபோல். தனியாகக் கிளம்ப வேண்டாம். ஹை கமிஷனிடம் சொல்லி, கல்லூரி வண்டியில், பகல் நேரத்தில், குழுவாக. எல்லையில் குடியேற்ற முத்திரை வாங்காமல் தாண்டினால் பிறகு படிப்பைத் தொடரத் திரும்பும்போது விசாவில் சிக்கல் வரும்.

வந்து சேர்ந்த பிறகு

மருத்துவ மாணவர்கள் கல்லூரியிடமிருந்து வருகைப் பதிவும் மதிப்பெண் விவரமும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், படிப்பும் பயிற்சி மருத்துவமும் அதே கல்வி நிறுவனத்தில் முடிய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதி சொல்கிறது. பாதியில் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறினால் இங்கே பதிவு கிடைக்காமல் போகலாம். வேலைக்குப் போனவர்கள் பாக்கிச் சம்பளக் கணக்கு, கடைசியாக வேலை செய்த தேதி, ஒப்பந்த நகல் மூன்றையும் சேர்த்து மதத் தளத்திலேயே தனிப் புகாராகப் பதியலாம். பழைய புகார் எண்ணை அதில் குறிப்பிடுங்கள். வீட்டார் கொடுத்த மனுக்களுக்கு "ஆள் வந்துவிட்டார்" என்று ஆட்சியர் அலுவலகத்துக்கும் தூதரகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் நிற்கும்வரை அங்கே அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.